வலது பக்கத்து முடி

3 செப்டம்பர் 2025, புதன்

குணசீலனுக்குக் கால் உடைந்துவிட்டதாம். வண்டியிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே. ஆலங்காயத்தில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் தீர்த்தகிரி மாமா மத்தியான ட்ரிப்பில் தன் ஜீப்பில் வந்தவர்கள் பேசியதைக் கேட்டுவந்து சொன்னார். நான் ராணியம்மாளின் ஜாக்கெட்டுக்குக் கை இணைத்துக்கொண்டிருந்தேன். மெஷினை நிறுத்திவிட்டுப் போய் வெல்லம் போட்டுக் காப்பி வைத்தேன்.

"இன்னா விசேசம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல, குடி மாமா."

சந்தோஷம் என்று எழுதலாமா? எழுதுவேன். உரக்கடையில் கொடுத்த டைரி, என் பேனா, யார் கேட்கப்போகிறார்கள்.

நாலு மாதம் ஆகிறது. மே மாதம், சீசன் கூட்டம். அவனுடைய 'மலைமுகில்' ரிசார்ட்டில் நான் ரூம் பெருக்கி, பெட்ஷீட் மாற்றுகிற வேலை பார்த்தேன். சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மாவின் சங்கிலியைக் காணவில்லை. சாப்பாட்டு ஹாலில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, குணசீலன் என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி, "கொண்டையை அவுத்து உதறும்மா" என்றான். அவிழ்த்தேன். உதறினேன். ஹேர்பின் மூன்று விழுந்தது. ஒரு குழந்தை சிரித்தது.

இரண்டு நாள் கழித்துச் சங்கிலி அவர்கள் கார் சீட்டுக்கு அடியிலேயே கிடைத்து, போன் பண்ணிச் சொன்னார்களாம். வாட்ச்மேன் முனியண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குணசீலன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நான் வேலையை விட்டுவிட்டு நேராகக் காளி கோயிலுக்குப் போய், அவன் நாசமாகட்டும் என்று அவன் பேரில் காசு வெட்டிப் போட்டேன். பூசாரி உளியை எடுத்து வைத்துக்கொண்டு, "யோசிச்சுக்கோம்மா, வெட்டிட்டா வெட்டினவளும் வெட்டுப்பட்டவனும் சேர்ந்து வந்தாதான் எடுக்க முடியும்" என்றார். யோசிச்சாச்சு வெட்டுங்க என்றேன். காசு இரண்டு துண்டாகி அம்மன் காலடியில் கிடக்கிறது.

கால் போதாது. அவன் நாற்பது பேர் நடுவில் நிற்க வேண்டும். சட்டையைக் கழற்றி உதற வேண்டும்.

6 செப்டம்பர், சனி

சுண்டைக்காய் பறிக்க ரிசார்ட்டுக்குப் பின்பக்கம் போனேன். அங்கே பலா மரத்தடியில்தான் அவர்கள் குப்பை கொட்டுவார்கள். பழைய கால்மிதி ஒன்று கிடந்தது. தாண்டிப் போகும்போது கால்மிதி மூச்சு விட்டது.

முயல். அந்த முயல்தான். ரிசார்ட் வாசலில் முயல் பண்ணை என்று போர்டு வைத்து, வருகிறவர்கள் மடியில் தூக்கி வைத்துப் போட்டோ எடுப்பார்களே, அதில் இதுதான் ராணி. முடி ஒரு சாண் நீளம் தொங்கும். வெள்ளை வெளேரென்று இருக்கும். எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். இப்போது முடி முழுக்கச் சடைபிடித்து, சாணியும் முள்ளும் மூத்திரமும் சேர்ந்து கெட்டித்துப்போய்க் கிடக்கிறது. கண்ணைத் திறக்கவே முடியவில்லை அதற்கு.

பாவம் என்று நினைத்துத் தூக்கினேன் என்று எழுதினால் பொய். கழுத்தில் சிவப்பு சாட்டின் ரிப்பன் தெரிந்தது. போட்டோவுக்காகக் கட்டுவது. தங்க எழுத்தில் 'மலைமுகில்' என்று அச்சடித்திருக்கும். கழுத்திலிருந்து வலது முன்னங்கால் சந்து வழியாகச் சுற்றி, முடியோடு முடியாகப் பின்னிக் கிடக்கிறது. அதைப் பார்த்ததும்தான் தூக்கினேன்.

மாட்டிக்கிட்டடா குணசீலா.

மாமா ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். "இன்னா இது, பன்னிக்குட்டியா?"

"சாட்சி" என்றேன்.

பேரும் அதுவே ஆகிவிட்டது.

7 செப்டம்பர், ஞாயிறு

தப்புப் பண்ணிவிட்டேன்.

சிக்கு விழுந்தால் என்ன செய்வோம்? எண்ணெய் வைத்து ஊறவிட்டுச் சீவுவோம். என் தலைக்கும் அதுதான், என் அம்மா எனக்குச் செய்ததும் அதுதான். தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் விளக்கெண்ணெய் கலந்து, சூடுகாட்டி, சாட்சிக்கு முதுகெல்லாம் தடவினேன். வலது பக்கம் மட்டும் தொடவில்லை. ரிப்பன் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும் என்று.

எண்ணெயில் முடி இன்னும் கெட்டியாகிவிட்டது. இதில் அது நக்க ஆரம்பித்தது. சாயங்காலம் பேதி. கோணியெல்லாம் நாற்றம். மாமா எட்டிப் பார்த்து, "எண்ணெ வச்சாச்சு, மசாலா எப்போ?" என்றார். கையில் இருந்த துணியை அவர்மேல் எறிந்தேன்.

செத்துக் கித்துப் போய்த் தொலைக்காதே. நீ செத்தால் எனக்கு யார் சாட்சி.

8 செப்டம்பர், திங்கள்

மாமாவின் முதல் ட்ரிப்பிலேயே திருப்பத்தூர் போய், குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தேன். இரண்டு பக்கம். 'மேற்படி குணசீலன் என்பவர் தமக்குச் சொந்தமான முயலைக் கொடுமைப்படுத்திக் குப்பையில் எறிந்துள்ளார்' என்று அழுத்தி எழுதினேன். ஆள் வந்து நேரில் பார்த்து விசாரிப்பார்கள் என்றார்கள். நேரில் பார்த்து. அந்த வார்த்தையை ஜீப்பில் வரும்போது பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பி வந்து முயலைக் கூடையில் வைத்துக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். கவியா என்று பேர், வயசு முப்பதுகூட இருக்காது. தொட்டதும் கையைப் பார்த்தார்.

"எண்ணெய் வச்சீங்களாக்கா?"

"சிக்கு போகட்டும்னு..."

"முயலுக்கு எண்ணெயும் வேணாம், குளியலும் வேணாம். கார்ன் மாவு தூவி எண்ணெயை உறிஞ்சி எடுங்க. அப்புறம் சடையை வெட்டிடுங்க, சீவி எடுக்க முடியாது இது. நக்கி முழுங்குற முடி வயித்துல கட்டிக்கும். இதுக்கு வாந்தி எடுக்க வராது. காஞ்ச புல் போட்டுக்கிட்டே இருங்க, அதுதான் முடியை வெளிய தள்ளும்."

"போட்டோ எடுத்து வச்சுக்கலாமே" என்றும் சொன்னார். போட்டோவா? குணசீலனிடம் இதே முயல் வெள்ளையாய்ச் சிரித்துக்கொண்டிருக்கிற ஆயிரம் போட்டோ இருக்கிறது. அது வேற முயல் என்பான். ரிப்பனை அறுத்துக் காட்டினால் நீயே செருகினது என்பான். நாற்பது பேர் முன்னால் என்னைத் திருடி ஆக்கினவனுக்கு இது ஒரு வேலையா? முடியோடு பின்னிக் கிடக்கிற ரிப்பனை ஆபீசர் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

"வாரத்துக்குள்ள மொத்தத்தையும் எடுத்துடுங்கக்கா" என்றார் டாக்டர். சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

10 செப்டம்பர், புதன்

இடது பக்கம் முடித்தேன்.

மடியில் கோணியை விரித்து அதன்மேல் சாட்சி. நூல் பிரிக்கிற சின்னக் கத்தரி, முனையில் பஞ்சு சுற்றிக்கொண்டேன். முதலில் பேன் சீப்பைத் தோலுக்கும் சடைக்கும் நடுவில் படுக்கையாக நுழைக்க வேண்டும். சீப்புக்கு மேலேதான் கத்தரி போக வேண்டும். சீப்பு இல்லாமல் வெட்டினால் தோலும் சேர்ந்து வந்துவிடும். அவ்வளவு மெல்லிசு அதன் தோல், ஈரக் காகிதம் மாதிரி. சடையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அடியில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி.

முதல் அரைமணி நேரம் உதைத்தது. என் முழங்கையில் நாலு கீறல். அப்புறம் காதைப் படுக்கப் போட்டு அசையாமல் இருந்தது. பயத்தில் அப்படி இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாதா? ஹாலில் நானும் அப்படித்தான் அசையாமல் நின்றேன்.

சடை ஒரே துண்டாகக் கழன்று வந்தது, செருப்பு அடிப்பாகம் மாதிரி. உள்ளே ரோஸ் நிறத் தோல், மூச்சு விடும்போது விலா எலும்பு ஏறி இறங்குகிறது. முதுகுத்தண்டில் கோடு போட்டதுபோல நிறுத்தினேன். வலது பக்கம் அப்படியே இருக்கிறது.

மாமா வெகுநேரம் பார்த்தார். "பாதி மொட்டை போட்டா சாமி கோவிச்சுக்கும்டி."

"பாதி அவனுக்கு" என்றேன்.

13 செப்டம்பர், சனி

போன் வந்தது. 24-ஆம் தேதி, புதன்கிழமை வருகிறார்கள். இன்னும் பதினோரு நாள்.

15 செப்டம்பர், திங்கள்

முனியண்ணன் கிழிந்த காக்கிப் பேண்டைத் தைக்கக் கொண்டுவந்தார். முயலைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. "அய்யோ, இதுவா" என்றார்.

அவர்தான் கொண்டுபோய் எறிந்தாராம். முதலாளி சொன்னாராம். முயலைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் ஜூன் மாதமே வேலையை விட்டுப் போய்விட்டான், அதற்கப்புறம் ஒருவரும் சீப்பைத் தொடவில்லை. சீசன் முடிந்தால் யாருக்கு வேண்டும் முயல்? மற்ற எட்டும் இப்படித்தான் கூண்டில் கிடக்கின்றனவாம்.

"சாட்சி சொல்லுவியா அண்ணா?"

"என் பொழப்பு அங்கதானே கண்ணு இருக்குது" என்றார். கேட்டிருக்கக் கூடாது. விடு.

ஆனால் ஒரு சேதி சொன்னார். நான் காசு வெட்டிப் போட்டது குணசீலன் பொண்டாட்டி காதுக்குப் போய்விட்டது. போர் தண்ணீர் வற்றினது, காற்றில் ஷீட் பறந்தது, கால் உடைந்தது, எல்லாம் அதனால்தான் என்று அந்த அம்மா அழுகிறதாம். அவனும் வெளியே சிரித்துக்கொண்டு, உள்ளே நடுங்குகிறானாம்.

பேண்ட் தைத்ததற்குக் கூலி வேண்டாம் என்றேன். இதைவிடப் பெரிய கூலி ஏது.

17 செப்டம்பர், புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. மாமாவுக்குக் கறி இல்லாத மாதம். சாட்சியைப் பார்த்து, "நல்ல மாசத்துல வந்தே நீ" என்கிறார்.

தினமும் காலையில் இடது பக்கத்தைச் சீவுகிறேன். இரண்டு நெல் நீளம் வளர்ந்திருக்கிறது. முதலில் கையால் ஊதிப் பிரித்து, வேர் தெரிகிற இடத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சீவ வேண்டும். காதுக்குப் பின்னாலும் வயிற்றோரத்திலும்தான் சீக்கிரம் சிக்கு விழுகிறது. பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். நகம் வெட்டும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே ரத்த நரம்பு தெரியும், அதுக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும்.

காதுக்குப் பின்னால் சீவும்போது பல்லை மெதுவாக நறநறக்கிறது. வலியோ என்று பயந்து டாக்டருக்குப் போன் போட்டேன். "சந்தோசமா இருந்தா அப்படிப் பண்ணும்கா" என்றார்.

சந்தோஷமாம். பாதி உடம்புக்கு.

மனசு இளகக் கூடாது. நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன்: ஆபீசர் நிற்பார், ஊர் நிற்கும், குணசீலன் கட்டுப்போட்ட காலோடு என் வாசலில் நிற்பான். முயலைத் திருப்பி வலது பக்கத்தைக் காட்டுவேன். ரிப்பனில் இருக்கிற எழுத்தை அவனையே படிக்கச் சொல்லுவேன். சத்தமா படிங்க சார், பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கல.

20 செப்டம்பர், சனி

வலது முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது. பக்கத்தில் போனால் ஒரு வாடை. மழைக்கு ஈரம் ஏறியிருக்கும்.

இன்னும் நாலே நாள். பொறுத்துக்கோ சாட்சி. நான் நாலு மாசம் பொறுக்கலையா?

21 செப்டம்பர், ஞாயிறு

காலையில் புல் வைத்தது அப்படியே கிடந்தது. முருங்கைக்கீரை என்றால் ஓடிவரும், அதையும் முகரவில்லை. கோணியை உதறிப் பார்த்தேன், ஒரு புழுக்கைகூட இல்லை. மூலையில் முதுகைக் குறுக்கி உட்கார்ந்துகொண்டு பல்லைக் கடித்தது. அன்றைக்குக் கேட்ட சத்தம் இல்லை இது. இது வேறு.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். முயலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாதி சீவின முடியையும் பாதி சடையையும் பார்த்தால் யாருக்குத்தான் புரியாது.

"ரெண்டு வாரமா இன்னாக்கா பண்ணிட்டு இருந்தீங்க?"

"புதன்கிழமை ஆபீசர் வர்றாரு மேடம். மூணே நாளு. அவன் பண்ணதை அவரு பாக்கணும்..."

"அவன் பண்ணது ரெண்டு வாரத்துக்கு முன்னாடி. அதுக்கப்புறம் இருந்தது யார் பண்ணது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களுக்கு இன்னா தெரியும் மேடம், உங்களை யாராச்சும் கொண்டையை அவுக்கச் சொன்னாங்களா என்று கத்திவிட்டேன். மாமா உள்ளேயிருந்து ஓடிவந்தார். டாக்டர் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டே, "நீங்க வெட்டுறீங்களா, நான் வெட்டட்டுமா?" என்றார்.

நான்தான் வெட்டினேன். சீப்பு உள்ளே போகவே இடமில்லை. விரல்நுனியால் தடவித் தடவி வழி கண்டுபிடித்தேன். அக்குளுக்கு வந்ததும் டாக்டர், "நிறுத்துங்க" என்றார். ரிப்பன் தோலுக்கு மேலே இல்லை. தோலுக்கு உள்ளே இருந்தது. முயல் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை அசைக்க அசைக்க, அது சதையை அறுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. சுற்றிலும் புழு. அரிசிமணி அளவில், வெள்ளையாக, நெளிந்துகொண்டு.

ரிப்பனை மூன்று இடத்தில் நறுக்கி டாக்டர் இடுக்கியால் உருவி எடுத்தார். முயல் கத்தியது. முயலுக்குக் குரல் உண்டு என்றே எனக்குத் தெரியாது. குழந்தை கத்துகிற மாதிரி ஒரே ஒரு தடவை.

புழுவை ஒவ்வொன்றாக எடுத்தோம். நாற்பதுவரை எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை. வலிக்கு ஊசி, காயத்துக்கு மருந்து, குடல் அசைய ஒரு சொட்டு மருந்து. நாளைக்குள் புழுக்கை போட்டால் பிழைக்கும் என்றார். போகும்போது வாசலில் நின்று, "முதல் நாளே எடுத்திருந்தா வெறும் சிராய்ப்புதான்கா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

அவன் மூன்று மாதம் கட்டி வைத்தான். நான் இரண்டு வாரம். தெரிந்தே வைத்தேன். அதன் வலி எனக்கு ஆதாரமாக இருந்தது. அவனாவது மறந்துதான் போனான், நான் தினமும் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பக்கத்தை மட்டும் சீவிவிட்டு எழுந்து போனேனே. என்ன பொம்பள நான்.

22 செப்டம்பர், திங்கள்

ஏழு புழுக்கை. முதல் இரண்டு முடியில் கோத்த மணி மாதிரி, மற்றது உருண்டை. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஜீப்பில் ஆள் ஏற்றி வைத்திருந்தவர் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

24 செப்டம்பர், புதன்

பதினோரு மணிக்கு வந்தார்கள். ஒரு ஆபீசர், கூட எழுதுகிறவர் ஒருத்தர், டாக்டர் கவியா. ஜீப் சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. முப்பது பேருக்குக் குறையாது. நான் ஆசைப்பட்ட கூட்டம்.

குணசீலனும் வந்தான். ஊன்றுகோல், வெள்ளை வேட்டி. முனியண்ணன் நாற்காலி தூக்கிக்கொண்டு பின்னால்.

என் கையில் ரிப்பன் இருந்தது. மூன்று துண்டு. அலசிக் காயவைத்திருந்தேன். ஒரு துண்டில் 'மலை' தெரிகிறது, இன்னொன்றில் 'முகில்'. சடை முழுக்கப் போய்விட்ட முயலை வைத்துக்கொண்டு என்ன நிரூபிப்பது என்று இரண்டு நாளாக யோசித்து, கடைசியில் இதுவாவது இருக்கட்டும் என்று உள்ளங்கையில் மடித்து வைத்திருந்தேன்.

நான் வாயைத் திறக்கும் முன்னால் அவன் ஆரம்பித்தான். "சார், இது எங்க ரிசார்ட் முயல்தான். காணாமப் போச்சுன்னு நாங்களே தேடிட்டு இருக்கோம். இவங்க முன்னாடி எங்ககிட்ட வேலை பார்த்தவங்க. ஏற்கெனவே ஒரு பிரச்சினையாகி நின்னவங்க. அதுக்கு மேல நான் இன்னா சொல்றது."

திருடி. மறுபடியும். என் வாசலில் வைத்தே. எனக்குக் காது அடைத்துவிட்டது. மாமா ஒரு அடி முன்னால் வந்தார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஆபீசர் நிதானமானவர். முயலைப் புரட்டிக் காயத்தைப் பார்த்தார், ஆறுமா என்று டாக்டரிடம் விசாரித்தார். அப்புறம் குணசீலனிடம், "உங்க முயல்னா காயத்துக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். நோட்டீஸ் வரும்" என்றார்.

"பதில் சொல்றோம் சார். எங்க பொருளை எங்ககிட்ட குடுத்துடுங்க. கூண்டுல விட்டா தானா தேறிடும்."

"முயல் அவருக்குத்தான் போகுமா சார்?" என்று கேட்டேன்.

"அவருதுன்னு ஆயிடுச்சுன்னா இப்போதைக்கு அவர்கிட்டதாம்மா ஒப்படைக்கணும். மாசம் ஒருதடவை வந்து பார்ப்போம். ரிப்பன் இருக்குன்னு மனுவுல எழுதியிருக்கீங்களே, எங்க?"

நான் கேட்டதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. நீட்டினால் போதும். 'மலைமுகில்' என்று அவனே படிப்பான். நோட்டீஸ் வரும், பேப்பரில் வரும். ஊர் பார்க்கும். அப்புறம் சாட்சி அந்தக் கூண்டுக்குப் போகும். யாரும் சீப்பைத் தொடாத கூண்டுக்கு. காயம் ஆறாத காலோடு. அது என் முந்தானையில் முகத்தை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நான் ஆபீசருக்குப் பதில் சொல்லவில்லை. குணசீலனைப் பார்த்துச் சொன்னேன்: "காளி கோயில்ல உங்க பேர்ல வெட்டின காசு கிடக்குது. இப்போவே போலாம். அது முன்னாடி நின்னு, இது என் முயல், காணாமத்தான் போச்சு, நான் எறியச் சொல்லலைன்னு சொல்லுங்க. சொல்லிட்டுத் தூக்கிட்டுப் போங்க. நான் தடுக்க மாட்டேன்."

முனியண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குணசீலன் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தான். முயலைக் குனிந்து பார்க்கிற மாதிரி பார்த்தான். நெற்றியில் வேர்த்துவிட்டது.

"இப்போ நல்லா பாத்தா... இது இல்ல சார். எங்களுது இதைவிடப் பெருசு. முடியும் நீளம்."

"உங்களுது இல்லையா?"

"இல்ல சார்."

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "நீங்க அவருதுன்னு எழுதியிருக்கீங்க. ரிப்பன் இருக்கா இல்லையாம்மா?"

ரிப்பன் உள்ளங்கையில் ஈரமாகிவிட்டது.

"இல்லீங்க சார். தெரியாம எழுதிட்டேன்."

டாக்டர் கவியா என்னைப் பார்த்தார். அவர்தானே அதை உருவி எடுத்தவர். பையை மூடினார்.

குணசீலனுக்கு உயிர் வந்துவிட்டது. "பாத்தீங்களா சார், பொய் மனு. இவங்க வேலையே இதுதான்." கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். எனக்கா அவனுக்கா தெரியாது. ஆபீசர் இனிமேல் விசாரித்துவிட்டு எழுதுங்கம்மா என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டு, 'உரிமையாளர் யாரெனத் தெரியாத முயல், தேவயானி க/பெ தீர்த்தகிரி பராமரிப்பில் உள்ளது' என்று எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்.

கையெழுத்துப் போடும்போது இடது கையை மூடியே வைத்திருந்தேன்.

25 செப்டம்பர், வியாழன்

தெருக்குழாயில் இரண்டு பேர் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். பொய் மனு போட்டவள். நாற்பது பேர் முன்னால் அவன் என்னைத் திருடி ஆக்கினான், முப்பது பேர் முன்னால் நானே என்னைப் பொய்க்காரி ஆக்கிக்கொண்டேன். நல்லா பழிவாங்கினே போ தேவயானி.

மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் பேரை எழுதும்போது இன்னும் பேனா அழுந்துகிறது. ரிப்பன் இந்த டைரியில்தான் இருக்கிறது. காசும் கோயிலில்தான் கிடக்கிறது.

மாமா ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார். "கையில இருந்துச்சு இல்ல?"

"இருந்துச்சு."

"ம்" என்று சொல்லிவிட்டுத் தன் தட்டிலிருந்த முருங்கைக்கீரையை ஒதுக்கி வைத்தார். சமைத்த கீரை முயலுக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

3 அக்டோபர், வெள்ளி

காயம் காய்ந்துவிட்டது. வலது பக்கம் முடி வர ஆரம்பித்திருக்கிறது, இடது பக்கத்தைவிடக் குட்டை. இரண்டு பக்கமும் சமமாக இன்னும் எத்தனை நாளோ. காலை ஊன்றி நடக்கிறது, லேசாக நொண்டல். அது போகாது என்றார் டாக்டர்.

குணசீலன் ஆள் விட்டான். கோயிலுக்குச் சேர்ந்து வந்து காசை எடுத்துவிடலாமாம். முதலில் சாப்பாட்டு ஹாலுக்கு வரச் சொல்லுங்கள், நாற்பது பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு என்றேன். வந்தவர் போய்விட்டார்.

12 அக்டோபர், ஞாயிறு

காலையில் சாட்சிக்குக் காதுக்குப் பின்னால் சீவிக்கொண்டிருந்தேன். முனியண்ணன் ஆட்டோவிலிருந்து இரண்டு பெரிய கூடையை இறக்கினார். மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தது. உள்ளே அசைந்தது.

"எட்டும் இருக்குது கண்ணு."

"இன்னாண்ணா இது?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பண்ணையை மூடுறாங்க. எறியச் சொன்னாங்க முதல்ல. முதலாளியம்மா விடல. பொய் சொல்லிட்டு வந்து நின்னியே, இன்னும் எத்தனை பழி சேக்கணும்னு முதலாளிகிட்ட ஒரே சண்டை. உன்கிட்டயே விட்டுட்டு வரச் சொல்லிட்டாரு. எதுவும் அவருது இல்லையாம். அப்படிச் சொல்லச் சொன்னாரு."

பயந்து அனுப்பினானா, கிடந்து சாகட்டும் என்று என் தலையில் கட்டினானா? இரண்டும்தான் இருக்கும். அவன் புத்தி எனக்குத் தெரியாதா.

சாக்கை விலக்கினேன். எட்டு கால்மிதி. எட்டுக் கழுத்திலும் சிவப்பு ரிப்பன். எழுத்து அழியாமல் பளிச்சென்று தெரிகிறது. மாமா கூடைமேல் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இப்போ போடுடி மனு. எட்டு ரிப்பன் இருக்குது. முனியண்ணனே கொண்டுவந்து குடுத்திருக்காரு. நாளைக்குத் திங்கக்கிழமைதான். இப்படியே முதல் ட்ரிப்ல கொண்டுபோய்க் காட்டலாம். அவன் தப்பவே முடியாது."

எனக்கும் அதுதான் தோன்றியது. அவர் சொல்வதற்கு முன்னாலேயே தோன்றிவிட்டது. நாளைக்குத்தானே. ஒரே ஒரு நாள்.

மாமாவிடம் கார்ன் மாவு வாங்கிவரச் சொன்னேன். கோணியை விரித்து, பேன் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கத்தரி முனையில் புதுப் பஞ்சு சுற்றினேன். எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று முனியண்ணன் கேட்டார்.

"ரிப்பன்லேர்ந்து" என்றேன்.

இப்போது மணி மூன்று. மூன்று முயல் முடிந்திருக்கிறது, இன்னும் ஐந்து. கை வலிக்கிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். போகிறேன்.